பலூனும் பால்மரமும்

ஷா ஆலம் நகரில் இன்று பிறந்தநாள் விழாவாயினும் பள்ளி விழாவாயினும் பலூன் கட்டாத பந்தலைக் காண்டல் அரிது. ஒரு பொழுது நின்று மறுபொழுது சுருங்கிவிடும் அச்சிறு பொருளுக்கும் வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி அந்நகரின் மண்ணிலேயே உள்ளது. 1978ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பெற்ற ஷா ஆலம், முன்னாளில் சுங்கை ரெங்கம் என வழங்கிய தோட்டப்புறமாகும். ரப்பரும் செம்பனையும் அங்கு வளர்ந்தன.

பலூன் என்னும் சொல் இத்தாலிய மொழியில் 'பெரிய பந்து' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. மலாய் மொழியில் அதுவே 'பெலோன்' ஆயிற்று. முதல் ரப்பர் பலூன் விழாவுக்காகப் பிறந்ததன்று; ஆராய்ச்சிக்காகப் பிறந்தது. 1824ஆம் ஆண்டில் இலண்டனில் மைக்கேல் ஃபாரடே என்னும் அறிஞர் இரு ரப்பர்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விளிம்புகளை அழுத்தி ஒட்டினார். உட்புறம் ஒட்டிக்கொள்ளாதிருக்க மாவு தூவினார். ஹைட்ரஜன் வாயுவை அடைத்ததும் அப்பை மேலெழுந்தது. மறு ஆண்டே தாமஸ் ஹான்காக் என்பார், ரப்பர்க் கரைசலும் பீச்சுக்குழலும் கொண்ட விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். வாங்கியவர் தம் பலூனைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

அக்கால ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் கலந்து சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்பதை 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டார். 1847இல் இலண்டனில் இங்கிராம் என்பார் அவ்வாறு பதப்படுத்திய ரப்பரால் பலூன் செய்தார்.

இனி, அந்த ரப்பர் மலாயாவுக்கு வந்த வழியைக் காண்போம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொணர்ந்தார். அவற்றுள் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் அங்குத் தாவரத் தோட்டப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அம்முறையை ஆயிரமாயிரம் ஏக்கரில் நடத்திக் காட்டியவை பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரின் கைகளே. விடியுமுன் எழுந்தால்தான் குளிர்ச்சியில் பால் நன்கு ஒழுகும். மங்குகளில் சேர்ந்த பாலைக் காண்டா வாளிகளில் சுமந்தனர். அம்மரத்துக்கு அவர்கள் இட்ட பெயர் பால்மரம். 'ரப்பர்' என்னும் ஆங்கிலப் பெயரோ, பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிப்பதற்கு அது பயன்பட்டதால் எழுந்தது. ஒரு பெயர் வாங்கியவன் கண்ட பயனைக் கூறுகிறது. மற்றது உழைத்தவன் கண்ட மரத்தைக் கூறுகிறது.

நெடுங்காலம் அப்பால் அமிலத்தால் உறையவைக்கப்பெற்று, தகடாகிப் புகையூட்டப்பட்டே கப்பலேறிற்று. அம்மோனியா சேர்த்தால் பால் உறையாது என்று அறிந்தபின் திரவமாகவே அயல்நாடு சென்றது. 1931இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நீல் டில்லாட்சன் என்பார், பூனைத் தலை வடிவில் வெட்டிய அட்டையை ரப்பர்ப் பாலில் தோய்த்து உலர்த்திக் காதுகளோடு கூடிய பலூனைப் பெற்றார். அச்சைப் பாலில் தோய்த்தெடுக்கும் அம்முறையே இன்றும் பலூனுக்கு அடிப்படை. ரப்பர்க் கையுறைக்கும் அதுவே. ஷா ஆலத்தின் செத்தியா ஆலம் பகுதியில் உலகப் புகழ்பெற்ற கையுறை நிறுவனம் ஒன்றின் தலைமையகம் நிற்கிறது. ஆயினும் உலகின் முதல் ரப்பர் விளைநாடாக விளங்கிய மலேசியா, இன்று தன் ஆலைகளுக்குத் தாய்லாந்திலிருந்தும் ரப்பர்ப் பாலைத் தருவிக்கிறது.

நிற்க. பலூனை ஊதுவோர், முதல் மூச்சே கடினம் என்பதை அறிவர். பை சிறிதாகவும் சுவர் தடிப்பாகவும் இருக்கையில் மிகுந்த அழுத்தம் வேண்டும். சற்று விரிந்ததும் தேவை குறையும். ஊதுமுன் கையால் சிலமுறை இழுத்துவிட்டால் ரப்பர் இளகிக் கொடுக்கும்.

வாயால் ஊதிய பலூன் மேலே பறக்காது. பறக்க ஹீலியம் வேண்டும். இவ்வாயுவின் கதையிலும் பழைய சென்னை மாகாணத்துக்கு இடமுண்டு. 1868 ஆகஸ்டு 18இல் நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்துப் பாக்சனும் ஆராய்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர், சூரிய ஒளியிற் கண்ட மஞ்சட்கோடு சோடியத்துக்கு உரியதன்று எனத் தெளிந்தார். கிரேக்க மொழியில் சூரியனைக் குறிக்கும் சொல்லால் ஹீலியம் எனப் பெயர் வந்தது. 1895இல் இராம்சே அதனைப் பூமியிலேயே பிரித்தெடுத்தார். ஒரு லிட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிராம் எடையைத் தூக்கும். அதன் அணுக்கள் மிகச் சிறியன. ஆதலால் ரப்பர்ச் சுவரூடே கசிய, ஒரு நாளுக்குள் பலூன் தாழ்ந்துவிடும்.

விலை குறைவென ஹைட்ரஜனை அடைப்பது பெருந்தீங்கு. 2012 மே 4இல் ஆர்மீனியாவின் தலைநகர் யெரவானில், தேர்தல் கூட்டமொன்றில் அவ்வாயு அடைத்த பலூன்கள் தீப்பற்றி வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஹீலியம் தீப்பற்றாது, எனினும் நிலத்தடி எரிவாயுவோடு கிடைக்கும் அஃது எடுக்க எடுக்கக் குறைவது, மருத்துவமனைக் காந்தக் கருவிகளைக் குளிர்விக்கவும் தேவைப்படுவது. எனவே பள்ளி விழாவுக்குக் கைப்பம்பால் அடைத்த சாதாரணக் காற்றே சாலும். வெடித்த துண்டுகளைச் சிறு குழந்தைகள் வாயிலிடாதபடி உடனே பொறுக்கிவிடல் வேண்டும்.

விழா முடிந்த மறுநாள், சுருங்கிய பலூன் ஒன்றை வகுப்புக்கு எடுத்துச்செல்லும் ஆசிரியர் ஒரு பாடத்தையே நடத்தலாம். அறிவியலும் வரலாறும் சொல்லாராய்ச்சியும் அதில் அடங்கும். மாணவர் தம் வீட்டு முதியோரிடம் பால்வெட்டைப் பற்றிக் கேட்டு எழுதிவரட்டும். தோட்டங்கள் நகரங்களாகிவிட்டன, மங்கும் காண்டாவும் அறிந்தோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். அவர்கள் உள்ளபோதே அச்சொற்களையும் அத்தொழிலின் செய்திகளையும் ஏட்டில் ஏற்றிவைத்தல் தமிழ்ப்பள்ளிகளின் கடமையாகும்.