பட்டையில் எவ்வளவு இருக்கு?

ஒரு கையில் காபியும் மறு கையில் ரிமோட்டுமாகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணித் தலைவர் ரொம்ப அழகாச் சொன்னார். "மலேரியாவுக்கு மருந்து மரப்பட்டையில் இருக்கு, ஆய்வுக்கூடம் எதுக்கு?" கைதட்டலும் வாங்கிட்டார். பட்டையில் இருக்கு ஐயா, நான் மறுக்கலே. எவ்வளவு இருக்கு? அதுதான் என் கேள்வி.

நான் குன்றத்தூர்க்காரன். சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர். அவரைச் சொல்லாமல் பேசினால் ஊருக்குள்ளே விடமாட்டாங்க. பெரியபுராணத்திலே திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக்குப் போகிறார். திருச்செங்கோட்டில் உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடிக்கிறது. பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் பாடுகிறார், சுரம் விலகுகிறது. அது மலேரியாவா என்று நான் சொல்லமாட்டேன். நான் தமிழ் டாக்டர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை. (சிரிப்பு) ஆனால் நடுக்கிப் போடுகிற காய்ச்சல் நம்ம மண்ணுக்குப் பழசு.

அந்தக் கொங்கு நாட்டுக்கு மேற்கேதான் நீலகிரி. அங்கேதான் இந்தக் கதை நடக்குது.

சிங்கோனா மரம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குச் சொந்தம். அதன் பட்டையிலிருந்து 1820இல் பாரிசில் இரண்டு பேர் கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். வெள்ளைக்காரனுக்கு இங்கே பீரங்கியைவிடக் காய்ச்சல்தான் பயம். 1860இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து செடிகள் கொண்டுவந்தார். பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு, ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ் சேகரித்த செம்பட்டை வகை வந்து, உதகையிலே தழைத்தது.

அங்கே தோட்டத்தைக் கவனித்தவர் மக்ஐவர். பட்டையை முழுசா உரித்தால் மரம் செத்துப்போகும். அவர் கீற்றுக் கீற்றாக உரித்து, காயத்திலே பாசியை வைத்துக் கட்டினார். பட்டை மறுபடி வளர்ந்தது! நடுவட்டத்திலே தோட்டவேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். விடுதலையானவர்களில் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து நீலகிரியிலேயே தங்கிட்டாங்க. அதுக்குத் தனிப் பட்டிமன்றம் வைக்கலாம்.

இப்போ சிக்கல் எங்கே? செம்பட்டையிலே கொயினா குறைவு, அதன் பங்காளிச் சத்துகள்தான் அதிகம். பங்காளி வேலை செய்வானா? 1866இலிருந்து 1868 வரை சென்னை மாகாணத்தின் சிங்கோனா குழு நான்கு சத்துகளையும் தனித்தனியாக 2,472 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. கேட்காமல் போனது 27 பேருக்கு மட்டும். நிறுத்துப் பார்த்து, எண்ணிப் பார்த்துச் சொன்ன முடிவு ஐயா இது. மரத்தைக் கும்பிட்டு வாங்கின வரம் இல்லை.

எதிரணிக்கு ஒரு பாயிண்ட் நானே தர்றேன். சீனாவிலே நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்று, ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லுது. தூ யூயூ என்ற அம்மையார் அதைப் படித்து, "கொதிக்க வைக்கச் சொல்லலையே!" என்று யோசித்தார். சூட்டிலே வீரியம் போகுதுன்னு, குறைந்த வெப்பத்திலே சாறெடுத்தார். 1972இல் ஆர்ட்டெமிசினின் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசு. பழைய நூல் வழி சொல்லுச்சு, சரி. ஆனால் அந்த வழி சரிதானான்னு சோதிச்சது எது? ஆய்வுக்கூடம்!

எங்க பாட்டியா இருந்தா நிச்சயம் கொதிக்க வைச்சிருப்பாங்க. நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல். மூணு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடுது. எட்டு நாள் நிலவேம்புக் கஷாயம். எட்டாம் நாள் எனக்குக் கண் செருகிடுச்சு. அம்மா அழுதாங்க. அப்பா, பாட்டியை எதிர்த்துப் பேசியே அறியாதவர், அன்னைக்குத்தான் ஒரு வார்த்தை பேசாம என்னைத் தோளில் போட்டுக்கிட்டுக் கிளம்பினார். விரலைக் குத்தி ரத்தம் எடுத்தாங்க. மலேரியா. குளோரோகுயின் மாத்திரை. மூணாம் நாள் நான் சோறு கேட்டேன்.

பாட்டி என்ன சொன்னாங்க தெரியுமா? "என் கஷாயம் இப்பத்தான்டா வேலை செய்யுது!" (சிரிப்பு)

பாட்டிகிட்டே நான் தோத்துட்டேன், நடுவர் அவர்களே. இந்த அணிகிட்டே தோற்கறதா இல்லை.