வலி தணிப்பும் மதி மயக்கமும்: இப்னு ஸீனா முதல் இன்றைய முள்ளந்தண்டுச் சத்திர சிகிச்சை வரை

முள்ளந்தண்டில் சத்திர சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு அடுத்துவரும் சில நாட்களே மிகக் கடினமானவை. என்பை அடைவதற்காக முதுகின் பெருந்தசைகள் விலக்கப்படுகின்றன. என்பின் ஒரு பகுதி அகற்றப்படுகின்றது. சிலருக்குத் திருகாணிகள் பொருத்தி இரு முள்ளென்புகள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. நெடுங்காலம் நசுங்கிக் கிடந்த நரம்பு, விடுபட்ட பின்னரும் சில காலம் எரிந்துகொண்டிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் பெரும் பகுதியில் இவ்வேதனைக்கு மருத்துவம் அளித்த விடை மோர்பீனும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளுமேயாகும். இன்று பல மருத்துவமனைகளில் அவ்வொழுங்கு தலைகீழாக மாறியுள்ளது. அபினைச் சாராத மருந்துகள் முதலில் வழங்கப்படுகின்றன. அவை போதாதவிடத்து மட்டுமே அபின் வகை மருந்து, குறைந்த அளவில், சில நாட்களுக்கு அளிக்கப்படுகின்றது.

இம்மாற்றத்தின் பின்னணியில் ஒரு பழைய வினா நிற்கின்றது. வலியைத் தணிப்பதும் வலியை உணரும் புலனை மரத்துப்போகச் செய்வதும் ஒன்றுதானா? இவ்வினாவை மிகத் தெளிவாக எழுப்பியவர்களுள் ஒருவர் இப்னு ஸீனா (980–1037) ஆவார்.

‘அல்-கானூன் பித் திப்’ என்னும் தமது பெருநூலின் முதற் பாகத்தில் அவர் வலியைப் பதினைந்து வகைகளாகப் பிரிக்கின்றார். குத்தும் வலி, அழுத்தும் வலி, இழுக்கும் வலி, துளைக்கும் வலி, துடிக்கும் வலி, மரத்த வலி, கனத்த வலி என நீளும் அப்பட்டியல் சொல்லாடம்பரத்துக்காக எழுதப்பட்டதன்று. வலியின் வகை அதன் காரணத்தைக் காட்டும் என்பது அவரது துணிபு. அப்பாகத்தின் இறுதிப் பகுதியில் வலி தணிப்பைப் பற்றிப் பேசும்போது, தணிக்கும் வழிகளை மூன்றாக வகுக்கின்றார். வலியின் காரணத்தை மாற்றி அகற்றுவது ஒன்று. இளக்கியும் கரைத்தும் ஆற்றுவது மற்றொன்று. புலனை மரக்கச் செய்வது மூன்றாவது. இம்மூன்றாம் வகையே ‘முகத்திராத்’ எனப்படுவது. அதில் மிக வலியது அபின் என்று அவர் கூறுகின்றார். பனிக்கட்டியையும் குளிர்ந்த நீரையும்கூட அதே வகையிற் சேர்த்திருப்பது நம் கவனத்திற்குரியது.

காரணத்தை அகற்றுவதே மெய்யான தணிப்பு என்பது அவரது நிலைப்பாடு. ஆயினும் மரக்கச் செய்யும் மருந்தை அவர் விலக்கிவிடவில்லை. நோயாளியின் உடல் வலிமை நெடிது நிற்குமா, வலி நெடிது நிற்குமா என்று பார்க்கச் சொல்கின்றார். வலியின் தீங்கு பெரிதா, மருந்தின் தீங்கு பெரிதா என்று நிறுக்கச் சொல்கின்றார். வலியே ஆளைக் கொன்றுவிடும் என்ற நிலையில், தீங்கு தெரிந்தும் அம்மருந்தைக் கொடுக்கலாம். பல் போன்ற இடங்களில் மேற்பூச்சாக இடும்போது அதன் தீங்கு குறைவு என்னும் குறிப்பும் உண்டு. மெதுவாக நெடுநேரம் நடத்தல், இனிய ஓசை, மனத்தை ஈர்க்கும் அலுவல் ஆகியவற்றையும் வலி தணிப்பான்களின் வரிசையில் அவர் வைத்திருக்கின்றார். முள்ளந்தண்டுச் சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை எழுப்பி நடக்கச் செய்யும் இன்றைய தாதியர் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள்.

அபினின் மறுமுகத்தை முஸ்லிம் அறிஞர்கள் அறிந்தேயிருந்தனர். இப்னு ஸீனாவின் சமகாலத்தவரான அல்-பிரூனி ‘கிதாபுஸ் ஸைதனா’ என்னும் மருந்தியல் நூலில், மக்கா போன்ற வெப்பமிகு இடங்களில் வாழ்வோர் சிலர் கவலை நீங்கவும் உறக்கம் வேண்டியும் நாள்தோறும் அபின் உண்பதையும், சிற்றளவில் தொடங்கி உயிர்கொல்லும் அளவுவரை அதைக் கூட்டிச் செல்வதையும் பதிவு செய்துள்ளார். பழக்கம் அளவைக் கூட்டும் என்னும் இன்றைய மருந்தியலின் அடிப்படைச் செய்தி அங்கு ஏற்கனவே உள்ளது. பதினாறாம் நூற்றாண்டின் ஈரானிய மருத்துவர் இமாதுத்தீன் மஹ்மூத் ஷீராஸியின் வரலாறு இதனினும் துயரமானது. ஷிர்வான் ஆளுநரின் சினத்துக்கு ஆளாகி ஓரிரவு முழுதும் பனியில் நிறுத்தப்பட்ட அவர், குளிரைத் தாங்க அபினை உட்கொண்டார், உயிர் தப்பினார், ஆனால் அப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. பின்னர் அபினைப் பற்றித் தனி நூலொன்றை எழுதி, அளவைப் படிப்படியாகக் குறைத்து மாற்று மருந்துகளின் துணையுடன் அதிலிருந்து மீளும் வழிகளை ஆராய்ந்தார். இப்னு ஸீனாவின் இறுதிக் காலத்திலும் அபினின் நிழல் உண்டு. அவருடைய பணத்தைக் கையாடிய ஊழியர்கள், அவரது மருந்தில் அளவுக்கு மிஞ்சிய அபினைக் கலந்தனர் என்று அவருடைய மாணவர் ஜூஸ்ஜானியின் வரலாற்றுக் குறிப்பு கூறுகின்றது.

மருத்துவர் நிறுத்ததைப் போன்றே ஃபிக்ஹு அறிஞரும் நிறுத்தனர். அழுகிய கையை வெட்டியெடுக்க நேர்கையில், அறிவை மயக்கும் மருந்தைக் கொடுக்கலாமா? ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வினா, மதுவை மருந்தாகக் கொள்வது பற்றிய கருத்து வேறுபாட்டோடு இணைத்து ஆராயப்பட்டது. ‘ரவ்ழதுத் தாலிபீன்’ நூலில் இமாம் நவவி (1233–1277), கூடும் என்பதே மிகச் சரியான கருத்து எனத் தமது முடிவைத் தெரிவிக்கின்றார். வலியால் துடிக்கும் நோயாளியிடம் ஸப்ரை மட்டும் உபதேசித்து மருந்தை மறுக்கும் உறவினர்களை நாம் இன்றும் காண்கின்றோம். அவர்களுட் பலர் ஷாஃபிஈகளே. தமது இமாம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்விடயத்தில் எங்கு நின்றார் என்பதை அவர்கள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாம் நம்மவர் நூல்களிலேயே உள்ளது என்று பெருமை பேசும் வழக்கம் நம் எழுத்துகளில் மலிந்துவிட்டது. உண்மை அவ்வளவு எளிதன்று. குர்துபாவின் தலைசிறந்த சத்திர சிகிச்சை நிபுணரான அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவி, விலகிய முள்ளென்பைக் கயிறு கட்டி இழுத்துப் பலகையால் அழுத்திச் சரிசெய்யும் முறையை விவரிக்கின்றார். முதுகு வலிக்குச் சூடிடும் முறையையும் கூறுகின்றார். சிறுநீரும் மலமும் அறியாமலே வெளியேறத் தொடங்கிய நோயாளிக்குத் தம்மிடம் சிகிச்சை இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகின்றார். வலியை நிறுக்கும் தராசு அக்காலத்தவரிடம் இருந்தது. அபினுக்கும் வெறும் ஒத்தடத்துக்கும் இடையே தட்டில் வைக்கத்தக்க வலிய மருந்துகளோ மிகக் குறைவு.

அவ்விடைவெளி நிரம்பியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்துதான். காற்றாடி மரத்தினின்று வேறுபட்ட வில்லோ மரத்தின் பட்டையிலிருந்து 1828இல் ஸலிசின் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வழியில் வந்த ஆஸ்பிரின் 1899இல் சந்தைக்கு வந்தது. அது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதோ 1971வரை தெரியவில்லை. காயம்பட்ட இழையத்தில் புரொஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உருவாவதை அது தடுக்கின்றது என ஜோன் வேன் அவ்வாண்டு காட்டினார். 1982இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். இப்னு ஸீனாவின் பிரிவினைப்படி நோக்கின், இம்மருந்து புலனை மரக்கச் செய்வதன்று. வலி பிறக்குமிடத்தில் அதன் காரணங்களுள் ஒன்றைத் தடுப்பது. 1878இல் உருவாக்கப்பட்ட பரசிட்டமோல், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தே அதற்குரிய மதிப்பைப் பெற்றது.

1993இல் டென்மார்க்கின் கெலெட், டால் என்னும் இருவர், வெவ்வேறிடங்களில் செயற்படும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றின் அளவையும் தீங்கையும் குறைக்கலாம் என வலியுறுத்தினர். முள்ளந்தண்டுச் சிகிச்சைக்கு இக்கருத்து மிகப் பொருந்துவது. ஏனெனில் அங்கு வலி ஒன்றல்ல. வெட்டுண்ட தசையின் வலிக்குப் பரசிட்டமோலும் இபுபுரோபென், கிட்டோரோலக் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகளும், காயத்தைச் சூழ விறைப்பு மருந்தும், நரம்பின் எரிவுக்குக் கபபென்டின், பிரிகபலின் ஆகியனவும், சிலருக்குச் சிற்றளவில் கெட்டமினும் பயன்படுத்தப்படுகின்றன.

இவையும் தீங்கற்றவையல்ல. கிட்டோரோலக் பெற்ற நோயாளரிடையே, இணைக்கப்பட்ட முள்ளென்புகள் ஒட்டாமற் போவது கூடுதலாக இருந்ததை 1998இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குறைந்த அளவில், சில நாட்கள் மட்டும் கொடுக்கும்போது அவ்வபாயம் பெரிதன்று எனப் பின்வந்த ஆய்வுகள் கருதுகின்றன. எனினும் சிறுநீரகம் பழுதுற்றோருக்கும் இரைப்பைப் புண் உடையோருக்கும் இவ்வகை மருந்து ஆபத்தானதே. பரசிட்டமோல் அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். கபபென்டின் வகை, அபின் வகையோடு சேரும்போது சுவாசத்தைத் தளர்த்தக்கூடும் என 2019இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தராசு இன்னும் தேவைப்படுகின்றது.

தராசைக் கைவிட்டதன் விளைவை இரு நாடுகள் இரு விதமாகக் கண்டன. அமெரிக்காவில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து அபின் வகை மாத்திரைகள் தாராளமாக எழுதப்பட்டன. அதிற் பிறந்த பழக்கம் பின்னர் ஹெரோயினாகவும் ஃபென்டனிலாகவும் வளர்ந்தது. 1999 முதல் 2021 வரை, அபின் வகைப் பொருட்களின் மிகையளவால் அந்நாட்டில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியாவிலோ 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மோர்பீனைப் பல உரிமப் பத்திரங்களுக்குப் பின்னால் பூட்டி வைத்தது. அபினைச் சட்டப்படி பயிரிடும் அந்நாட்டில், புற்றுநோயாளர் அதன் ஒரு மாத்திரையின்றித் துடித்து இறந்தனர். 2014ஆம் ஆண்டின் திருத்தமே அப்பூட்டைச் சற்றுத் தளர்த்தியது.

மிக அண்மைய திருப்பம் ஒரு முஸ்லிம் நாட்டின் தெருவிலிருந்து தொடங்குகின்றது. பாகிஸ்தானின் வடபகுதியில், தன் கையில் கத்தியைச் செலுத்தியும் தணலில் நடந்தும் வித்தை காட்டிய பத்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஆய்வாளர்கள் கேள்வியுற்றனர். அவனுக்கு வலி என்பதே தெரியாது. பதினான்கு வயதை எட்டுமுன் கூரையிலிருந்து குதித்து அவன் இறந்துபோனான். அவனது உறவினரையும் வேறு குடும்பங்களையும் ஆராய்ந்தபோது, வலி நரம்புகளில் சோடியத்தை உட்செலுத்தும் வாயில்களுள் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருந்தமை தெரியவந்தது. இம்முடிவு 2006இல் வெளியாயிற்று. அதன் பின் அவ்வகை வாயில்களை அடைக்கும் மருந்தைத் தேடும் முயற்சி தீவிரமடைந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த ஸுஸெட்ரிஜின் என்னும் மருந்து, அச்சிறுவனிடம் பழுதுற்றிருந்த வாயிலையல்ல, அதற்கு இனமான மற்றொன்றை அடைப்பது. மூளையை அது மயக்குவதில்லை. அனுமதிக்கு அடிப்படையான இரு பெரும் சோதனைகளும் வயிற்றுத் தோல் சீரமைப்பிலும் கால் பெருவிரல் என்புச் சிகிச்சையிலும் நடைபெற்றவை, முள்ளந்தண்டில் அல்ல.