கட்கிப் பட்டாளமும் கோல்ஃப் ஆட்டமும்

வரலாறு பயின்றோர்க்குக் கட்கி என்றவுடன் 1817ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் நினைவுக்கு வரும். பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் சேனை கும்பெனிப் படையுடன் பொருது பின்வாங்கிய நாள் அது. ஆங்கிலேயர் நாவில் 'கிர்க்கி' எனத் திரிந்த இவ்வூர் பின்னர் பட்டாளத்தின் ஊராயிற்று. 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. அதையும் இராணுவ அலுவலகங்களையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவ்வாறு வந்த நாம், வேலைக்குச் செல்லும் வழியில் படைவீரர் ஓடுவதையும் ஆடுவதையும் அன்றாடம் காண்கிறோம். பட்டாளத்தார்க்கு விளையாட்டின்மேல் இத்துணை நாட்டம் எங்ஙனம் வந்தது?

அச்சத்தினால் வந்தது என்றால் வியப்பாக இருக்கும். இந்தியாவிலிருந்த வெள்ளைச் சிப்பாய்களின் உடல்நிலையை ஆராய 1859இல் ஓர் அரச ஆணைக்குழு அமைந்தது. 1863இல் வெளியான அதன் அறிக்கை, ஆண்டுதோறும் ஆயிரம் சிப்பாய்களுள் 69 பேர் மாண்டு வந்தனர் என்றது. பகைவரின் வாளைவிடக் காய்ச்சலும் வாந்திபேதியும் சீதபேதியும் ஈரல் நோயும் அதிகம் பேரைக் கொன்றன. இந்தியாவுக்கு ஒருபோதும் வராத பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், படைநிலையங்களிலிருந்து வந்த விடைகளை இங்கிலாந்தில் இருந்தபடியே ஆராய்ந்தார். கெட்ட நீர், சாக்கடையின்மை ஆகியவற்றோடு, பகல் முழுதும் கட்டிலில் கிடந்து குடித்துப் பொழுது போக்கும் சோம்பலையும் அவர் சாடினார்.

அதன்பின் பட்டாள ஊர்களில் தேகப்பயிற்சிக்கும் பந்தாட்டத்துக்கும் புது மதிப்புப் பிறந்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் மரண விகிதம் வெகுவாகக் குறைந்தது. அப்பெருமை நல்ல நீருக்கும் வடிகாலுக்குமே முதலில் உரியது. ஆட்டத்துக்கு உரியது அதில் ஒரு பங்கே. பாட்மிண்டன் ஆட்டத்துக்குத் தொடக்ககால விதிகள் 1870களில் இப்புனேயில்தான் எழுதப்பட்டன. 'பூனா' என்றே அதற்கு ஒரு பெயரும் இருந்தது. இறகுப் பந்துக்குப் பதிலாகக் கம்பளிப் பந்தை வைத்து ஆடும் வழக்கம் நம் தஞ்சையில் வேரூன்றியதையும் இங்கே நினைக்கலாம்.

கோல்ஃப் வந்த கதை இன்னும் சுவையானது. வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறு என்று 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதைத் தடை செய்தது. படையின் நலத்துக்காக விலக்கப்பட்ட அவ்வாட்டம், நானூறு ஆண்டுகளுக்குப் பின் படையினர் உடலைப் பேணும் ஆட்டங்களுள் ஒன்றாகப் பட்டாள ஊர்களில் இடம்பெற்றது! கல்கத்தாவில் 1829இலும் பம்பாயில் 1842இலும் கோல்ஃப் கழகங்கள் தோன்றின. நம் கொடைக்கானலில் 1895இல் ஒன்று எழுந்தது. கட்கியிலிருந்து சிறிது தொலைவில், எரவாடாவில், புனே கோல்ஃப் கழகத்தின் புல்வெளி இன்று விரிந்து கிடக்கிறது.

பந்தைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளுவதில் உடலுக்கு என்ன நன்மை என்று கேட்கலாம். நன்மை அடிப்பதில் அவ்வளவாக இல்லை. அடித்த பந்தைத் தேடி நடப்பதில் இருக்கிறது. பதினெட்டுக் குழிகளையும் நடந்தே முடிப்பவர் நான்கு மணி நேரத்தில் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் கடந்துவிடுகிறார். ஓடவேண்டியதில்லை, மூச்சு இரைப்பதில்லை, ஆயினும் இதயம் உறங்குவதுமில்லை. அறுபதைக் கடந்தவரும் ஆடக்கூடியது என்பது இதன் தனிச்சிறப்பு. சுவீடன் நாட்டில் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரரை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு, ஒத்த வயதும் வாழ்க்கைத் தரமும் உடைய பிறரைக் காட்டிலும் அவர்களிடையே மரண விகிதம் 40 விழுக்காடு குறைவு என்கிறது. இதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. உடல் நலம் உள்ளவர்தாமே ஆடவே வருவர்? நன்மையோடு தீங்கும் உண்டு: இடுப்பை முறுக்கி வீசுவதால் கீழ்முதுகு வலி இவ்வாட்டக்காரர்க்கு நெருங்கிய உறவு. மோட்டார் வண்டியில் ஏறிக் குழிக்குக் குழி போகிறவர் நடையின் பயனில் பெரும்பகுதியை இழக்கிறார்.

அங்ஙனமாயின் பயனை முழுதும் அடைந்தவர் யார்? அக்காலக் கழகங்கள் பலவற்றில் இந்தியர் உறுப்பினராக இயலாது. துரை நடந்த தொலைவு முழுவதும், கோல்கள் நிறைந்த பையைத் தோளில் சுமந்து நடந்தவன் கூலிக்கு வந்த சிறுவன். ஆங்கிலத்தில் அவனுக்குக் 'கேடி' என்று பெயர்; நம்மூர்க் காவல் நிலையத்தில் அச்சொல்லுக்குள்ள பொருளை நேயர்கள் இங்கே கொள்ளலாகாது. நடையின் நன்மையோடு சுமையின் வருத்தமும் அவனுக்குக் கிட்டியது. ஆரோக்கியக் கணக்கில் அவன் பெயரை எவரும் எழுதவில்லை. ஆயினும் ஆட்டத்தின் நுட்பங்களை அவன் கண்ணால் கற்றான். தில்லியில் அவ்வாறு பை சுமந்து வளர்ந்த அலி ஷேர், 1991இல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரராக அவ்வெற்றியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1993இல் மீண்டும் வென்றார்.