ஒளிச்சேர்க்கை: ஒரு சொல்லும் அதன் விரியும்

தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நிற்கும் மரத்தின் இலையும், யாழ்ப்பாணத்துப் பனையின் ஓலையும் ஞாயிற்றொளியைக் கொண்டு செய்யும் தொழில் ஒன்றே. ஆயின் அத்தொழிற்குத் தமிழில் பெயர் இரண்டு. தமிழகப் பாடநூல்கள் அதனை ஒளிச்சேர்க்கை என வழங்கும். இலங்கைப் பாடநூல்கள் ஒளித்தொகுப்பு என வழங்கும். இவற்றின் பொருத்தத்தை அறிய, அத்தொழில் அறியப்பட்ட வரலாற்றையும் தொகைச்சொல் விரியும் முறையையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும்.

1779-இல் இங்கன்ஹவுசு என்னும் டச்சு மருத்துவர், செடியின் பச்சை உறுப்புகளே, அவையும் ஒளி பெற்றபொழுதே, காற்றைத் தூய்மை செய்கின்றன என நிறுவினார். 1845-இல் செருமானியரான மேயர், செடிகள் ஒளியாற்றலை வேதியாற்றலாக மாற்றுகின்றன என்றார். 1893-இல் அமெரிக்கப் பயிரியலார் பார்ன்சு, இத்தொழிற்கெனப் 'போட்டோசின்டாக்ஸ்', 'போட்டோசிந்தசிஸ்' என இரு பெயர்களை முன்வைத்தார். அவர் விரும்பியது முன்னது. உலகம் ஏற்றது பின்னது. கரியமிலவாயுவும் நீரும் கூடி உணவுப்பொருளாதலையே அச்சொல் சுட்டிற்று. ஒளி அதற்குக் கருவி.

தமிழில் அறிவியற் சொல்லாக்கம் 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் நிறுவிய சங்கத்தாலும், 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தாராலும் வளர்ந்தது. இன்று நிலைத்துள்ள இரு சொற்களும் வேற்றுமைத் தொகைகளே. 'ஒளியால் நிகழும் சேர்க்கை' என மூன்றாம் வேற்றுமையாக விரிப்பின் பார்ன்சு கருதிய பொருள் கிட்டும். 'ஒளியைச் சேர்த்தல்' என இரண்டாம் வேற்றுமையாக விரிப்பின், ஒளியே பொருளாகச் சேர்ந்துவிடுகிறது என மாணவர் மயங்க இடமுண்டு. தொகுப்பு என்னும் சொல்லும் இம்மயக்கத்திற்கு விலக்கன்று.

எனினும் இரண்டாம் விரியைப் பிழையென்று தள்ளுதலும் ஆகாது. 1932-இல் எமர்சன், ஆர்னால்டு என்னும் இருவர், பாசியின்மேல் நொடிப்பொழுது ஒளி பாய்ச்சி அளந்து, ஓர் ஆக்சிசன் மூலக்கூறு வெளிப்பட ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகள் உள்ளமை கண்டனர். பச்சைய மூலக்கூறுகள் தனித்தனியே தொழிற்படாமல், நூற்றுக்கணக்கில் கூடி ஒளியை வாங்கி, அதன் ஆற்றலை ஒரு நடுவிடத்திற்குக் கைமாற்றுகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அந்நடுவிடத்தில் எலக்ட்ரான் பெயர்கிறது, அவ்விழப்பை ஈடுசெய்ய நீர் பிளவுறுகிறது, ஆக்சிசன் வெளிப்படுகிறது. இவ்வாறு பெற்ற ஆற்றலே பின்னர்க் கரியமிலவாயுவைச் சர்க்கரையாக்குகிறது. ஆகவே முதற்படியில் நிகழ்வது ஒளியைச் சேர்த்தலே. இறுதிப்படியில் நிகழ்வது ஒளியாற்றலால் ஆகும் சேர்க்கை. சேர்வது ஒளியின் ஆற்றலேயன்றி ஒளியாகிய பொருளன்று.

பார்ன்சு பெயரிட்ட காலத்தில் முதற்படியின் இயல்பு அறியப்படவில்லை. அதனால் அவர் தந்த பெயர் இறுதிப்படியை மட்டுமே தழுவிற்று. தமிழ்த்தொகையோ, உருபு மறைந்து நிற்றலின், இரண்டையும் தழுவ வல்லதாயிற்று. இஃது ஆக்கியோர் கருதிய நயம் எனக் கூறோம். தொகையின் இயல்பால் விளைந்தது என்பதே எம் துணிபு. ஆதலின் இருநாட்டுச் சொற்களுள் ஒன்றை விலக்குதல் வேண்டா. வகுப்பில் அதனை விரித்துக் காட்டுதலே வேண்டுவது. அறிவியற் கலைச்சொல்லைக் கற்பிப்பார்க்கும் இலக்கணம் இன்றியமையாதது என்பது இதனாற் பெறப்படும்.