கொல்லிமலை இலக்கங்களும் எண்ணைத் தேடும் உலாவியும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வளப்பூர் நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு என, ஊர்த்தொகுதியைக் குறிக்கும் நாட்டின் பெயரே முகவரியாக விளங்கிய நிலையில், 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீடும், நாமக்கல் பகுதிக்குரிய 04286 என்ற எஸ்.டி.டி. குறியீடும், பின்னர் கைபேசி எண்ணும் அப்பெயர்களோடு வந்து சேர்ந்தன. எஸ்.டி.டி. என்பது தொலைபேசி நிலைய ஊழியரின் உதவியின்றி வெளியூரை நேரே அழைக்கும் முறையாகும். இந்தியாவில் அது 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கியது. முன்னுள்ள சுழியத்தை நீக்கினால் குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்து இலக்கமாகும்; கைபேசி எண்ணுக்கும் அதே பத்துதான். எனவே இந்தியாவில் பத்து இலக்கம் கொண்ட எந்தத் தொடரும் தொலைபேசி எண்ணின் சாயலைப் பெற்றுவிடுகிறது.

இச்சாயலை நம்பிச் செயல்படும் மென்பொருளின் முன்வடிவம் ஆப்பிள் நிறுவனம் 1997இல் மேக் கணினிகளுக்கு வெளியிட்ட 'டேட்டா டிடெக்டர்ஸ்' கருவியிலேயே காணப்படுகிறது. அதில் பயனர் எழுத்துப் பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கேட்ட பின்னரே கருவி தேடியது. ஆனால் 2007இல் ஐபோன் வந்து, பேசும் கருவியும் வலைப்பக்கத்தைக் காட்டும் உலாவியும் ஒன்றானபோது, சஃபாரி உலாவி கேளாமலேயே தேடி, எண்ணைத் தொட்டால் அழைப்பாக மாற்றியது. வசதி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கேட்டுச் செய்யும் பணிவு இந்த மாற்றத்தில் தொலைந்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகச் சிறுதானியப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள கொல்லிமலையைப் பற்றி ஒருவர் பக்கம் அமைத்து, சாமை, தினை ரகங்களுக்குரிய நீண்ட பதிவெண்களை அட்டவணையாக இட்டால், அவற்றுள் சில நீலநிற இணைப்பாகி, தொட்டவரை யாரோ ஒருவரின் தொலைபேசிக்குக் கொண்டுபோகக்கூடும். இதைத் தடுக்க, பக்கத்தின் தலைப்பகுதியில், படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத மெட்டா குறிச்சொல்லாக, பெயர் 'ஃபார்மட்-டிடெக்‌ஷன்', உள்ளடக்கம் 'டெலிபோன்=நோ' என எழுதப்படுகிறது. பிளாக்பெர்ரி உலாவிக்கும் கணினியில் இயங்கிய ஸ்கைப் கருவிப்பட்டைக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் இருந்தன என்பது, இத்தொல்லை ஒரு நிறுவனத்தோடு நின்றதன்று என்பதைக் காட்டும். பக்கத்தின் உள்ளமைப்பை உலாவி தானே மாற்றிவிடுவதால், சர்வரில் உருவாக்கிய வடிவத்தோடு அதை ஒப்பிட்டு இயங்கும் ரியாக்ட் போன்ற நிரல் நூலகங்களும் பிழை காட்டியதுண்டு.

தேடலை நிறுத்தியபின், உண்மையில் அழைக்கவேண்டிய எண்களுக்கு எழுதுபவரே 'டெல்' எனத் தொடங்கும் இணைப்பை இடவேண்டும். கொல்லிமலை விடுதி ஒன்றின் தரைவழி எண்ணானால் அந்த இணைப்பில் 04286 என இடாமல், சுழியத்தை விட்டு +91 4286 எனத் தொடங்குவதே முறை. அப்போதுதான் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அதே இணைப்பு வேலைசெய்யும்.