மிகுதியும் மிகையும்

மிகுதி வேறு; மிகை வேறு. உறு, தவ, நனி என்னும் மூன்று உரிச்சொற்களும் மிகுதிப் பொருளை உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியல் கூறும் செய்தி. நன்னூலார் அவற்றோடு சால, கூர், கழி என்பனவற்றையும் சேர்த்து ஆறாக்குவார். ஆங்கிலத்திலும் இத்தகைய சொற்கள் பல உள. அவற்றின் வரலாற்றை அறிந்துகொள்வது, அம்மொழியை இரண்டாம் மொழியாகவோ மூன்றாம் மொழியாகவோ பயிலும் நம் மாணவர்க்குப் பெரிதும் பயன்படும்.

பழைய ஆங்கிலத்தில் மிகுதியைக் குறிக்கப் பெருவழக்காய் இருந்தது ‘ஸ்வீதெ’ என்னும் சொல். ‘வலிமையாக’ என்பது அதன் முதற்பொருள். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாசர் காலத்தில் ‘ஃபுல்’ என்னும் சொல் அவ்விடத்தைப் பெற்றிருந்தது. பின்னர் வந்த ‘வெரி’ பழைய பிரெஞ்சு மொழியின் கொடை. ‘உண்மையான’ என்று பொருள்பட்ட அச்சொல், 16ஆம் நூற்றாண்டில் ‘மிகவும்’ என்னும் பொருளில் நிலைபெற்றது. நாமும் ‘மெய்யாகவே நல்லவர்’ என்று அழுத்திக் கூறுகின்றோம் அல்லவா?

துன்பத்தைச் சுட்டிய சொற்களும் இவ்வாறே மாறின. ‘சோர்’ என்பது நோவைக் குறித்த சொல். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இடையர்களின் பேரச்சத்தைக் காட்ட இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. ஜெர்மானியர் இன்று ‘மிகவும்’ என்பதற்கு வழங்கும் ‘சேர்’ என்னும் சொல்லும் அதே வேரினின்று கிளைத்ததே. ‘டெரிப்லி’ அச்சத்திலிருந்தும், ‘ஆஃபுலி’ அச்சங்கலந்த வியப்பிலிருந்தும் பிறந்தவை. 19ஆம் நூற்றாண்டில் விருந்தொன்று இனிதாய் அமைந்ததைச் சொல்லவும் ‘ஆஃபுலி’ போதுமானதாயிற்று. அடிக்கடி துவைத்த துணி வெளுப்பதுபோல் அடிக்கடி வழங்கிய சொல்லும் வெளுத்துவிடுகிறது.

இதனைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு. ஜான்சனின் அகராதி வெளிவருவதற்கு முந்தைய ஆண்டாகிய 1754இல், செஸ்டர்ஃபீல்டு பிரபு ‘தி வோர்ல்ட்’ இதழில் ‘வாஸ்ட்லி’ என்னும் சொல்லை எள்ளி எழுதினார். பரந்து விரிந்ததைக் குறிக்க வேண்டிய அச்சொல்லை, நாகரிக மகளிர் ஒரு சின்னஞ்சிறு பொடிப்பேழையின் சிறுமைக்கும் அடையாக்கினர் என்பது அவர் கண்ட வேடிக்கை.

இவற்றுள் தன் பொருளைப் பெரும்பாலும் காத்துக்கொண்ட சொல் ‘டூ’. இது ‘டு’ என்னும் முன்னிடைச்சொல்லின் அழுத்த வடிவமே. 16ஆம் நூற்றாண்டு முதல் தனி எழுத்து வடிவம் பெற்றது. ‘வெரி’ அளவு பெரிதென்று மட்டுமே சொல்லும். ‘டூ’ எல்லை கடந்துவிட்டதென்று சொல்லும். எல்லை கடந்ததெனின், அதனால் விளைந்தது யாது என்னும் வினாவும் உடன் எழும்.

இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது நூலன்று. 1995ஆம் ஆண்டு, நான் இளம் ஆசிரியனாய் இருந்தபோது, தோட்டத்துப் பெற்றோர் சிலர் நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தருமாறு கேட்டனர். லயத்துக் குழாயில் செம்மண் கலந்த நீர் வந்துகொண்டிருந்தது. நீர் ‘வெரி டர்ட்டி’ என்று எழுதினேன். மழைக்காலத்தில் நீர் கலங்குவது இயல்பே என்று மறுமொழி வந்தது. நான் எழுதியதற்கு அது பொருந்திய விடையே! இரண்டாம் கடிதத்தில் ‘டூ டர்ட்டி டு டிரிங்க்’ என்று எழுதினேன். குடிக்க இயலாத அளவு அழுக்கு என்பது பொருள். அவ்வாரமே தண்ணீர் லாரி வந்தது. ஒரு சொல்லே லாரியைக் கொணர்ந்தது என்று கூறமாட்டேன். ஆயினும், முதற்கடிதம் ஒரு நிலையை வருணித்தது. இரண்டாவது ஒரு தேவையை உரைத்தது.

நம் மாணவர் ‘என் தாயார் டூ குட்’ என்று எழுதும்போது நாம் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அமைகின்றோம். அது போதாது. ‘தாயின் நன்மை எந்த எல்லையைக் கடந்தது? அதனால் நேர்ந்த குறை யாது?’ என்று அன்போடு கேட்டல் வேண்டும். மாணவரே சிரித்துக்கொண்டு ‘வெரி’ என்று திருத்திக்கொள்வர்.

சிறு இன்பத்துக்கும் சிறு துன்பத்துக்கும் பெருஞ்சொற்களை இறைப்போமாயின், பொறுக்கவொண்ணாத் துன்பம் நேரும் நாளில் அதனை உரைக்கச் சொல் இராது. அளவறிந்து உண்ணக் கற்பிக்கும் நாம், அளவறிந்து சொல்லவும் கற்பிப்போமாக.