நுண்ணுயிரற்ற விதை முளைப்பு

நுண்ணுயிரற்ற விதை முளைப்பு என்பது, விதைகளின் மேற்பரப்பிலுள்ள பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் அழித்து, மூடிய கலனுள் ஊட்ட ஊடகத்தின் மீது அவ்விதைகளை முளைக்கச் செய்யும் ஆய்வக முறை ஆகும். தாவரத் திசு வளர்ப்பிற்குத் தேவையான தூய நாற்றுகள் இம்முறையில் பெறப்படுகின்றன.

வரலாறு

ஆர்க்கிட் விதைகள் தூசி போன்று நுண்ணியவை. அவற்றில் கருவூண் இல்லை. இயற்கையில் அவை பூஞ்சைகளின் துணையுடனேயே முளைக்கின்றன. சர்க்கரை சேர்த்த ஊடகத்தில் பூஞ்சையின்றியும் அவற்றை முளைக்க வைக்கலாம் என அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922 இல் காட்டினார். 1962 இல் முராசிகே, ஸ்கூக் ஆகியோர் புகையிலைத் திசுவிற்காக உருவாக்கிய எம்.எஸ். ஊடகம் இன்று பல தாவரங்களுக்குப் பயன்படுகிறது.

பருத்தியில் செய்முறை

விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் மண்ணில் பருத்தி பயிரிடப்படுகிறது. திருவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பஞ்சு பிரித்த பின்னும் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சில் பூஞ்சை வித்துகள் தங்குவதால், இவ்விதையைத் தூய்மையாக்குவது கடினம். பொதுவான படிகள்:

1. அடர் கந்தக அமிலத்தால் குறும்பஞ்சை நீக்கி, விதைகளை நீரில் நன்கு கழுவுதல்.
2. 70% எத்தனாலில் சிறிது நேரமும், பின் 0.1% மெர்குரிக் குளோரைடு அல்லது சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் சில நிமிடங்களும் வைத்தல்.
3. நுண்ணுயிர் நீக்கிய நீரில் பலமுறை அலசுதல்.
4. 121 பாகை செல்சியசில் நுண்ணுயிர் நீக்கிய அகர் ஊடகத்தில், தூய காற்றோட்ட அறையினுள் விதைகளை இடுதல்.

பயன்கள்

முளைத்த நாற்றின் வித்திலைக்கீழ்த் தண்டும் வித்திலைகளும் துண்டுகளாக்கப்பட்டு, கேலசு உருவாக்கவும் மரபணு மாற்றத்திற்கும் பயன்படுகின்றன. ஆர்க்கிட் போன்ற அரிய தாவரங்களைப் பெருக்கிப் பாதுகாக்கவும் இம்முறை உதவுகிறது.

சிக்கல்கள்

விதையின் உள்ளே வாழும் நுண்ணுயிர்களை மேற்பரப்புத் தூய்மையாக்கல் அழிப்பதில்லை. அவை பெருகினால் அக்கலன் முழுவதும் வீணாகும். வேதிப்பொருளின் அளவோ நேரமோ கூடினால் கருவே இறந்துவிடும். மெர்குரிக் குளோரைடு கொடிய நச்சு என்பதால், அதன் கழிவைத் தனியே சேகரித்தல் வேண்டும்.

தூய நாற்று கிடைத்தாலும், எல்லாப் பருத்தி வகைகளின் திசுவிலிருந்தும் முழுச்செடி எளிதில் உருவாவதில்லை. கோக்கர் எனும் அமெரிக்க வகைகள் இதற்கு நன்கு இணங்குகின்றன. எனவே 2002 இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியின் மரபணு, முதலில் கோக்கர் 312 வகையில் செலுத்தப்பட்டு, பின்னர் பிற்கலப்பு மூலம் இந்திய வகைகளுக்கு மாற்றப்பட்டது.